லாரி விபத்தும் எழுதாக் கணக்கும்



'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்று பெரியவர்கள் சொன்னது கடைக் கணக்குக்கு மட்டும்தான் என்று நாம் நெடுநாள் நினைத்திருந்தோம். அது நம் கைக்கும் காலுக்கும்கூடப் பொருந்தும் என்பதைச் சில மாதங்களுக்கு முன் சரக்கெடுக்க வந்த சில்லறை வியாபாரி ஒருவர் உணர்த்திவிட்டார். அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நாம் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்கும் சொல்லவே இந்தக் கட்டுரை.

1997-ல் நடந்தது இது. அந்த வியாபாரியின் தகப்பனார் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். வாரம் இரண்டு முறை டி.வி.எஸ். 50-ல் மறைமலைநகருக்கு வந்து நம்மிடம் பருப்பும் எண்ணெயும் எடுத்துப் போவார். ஒரு நாள் மாலை திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு சரக்கு லாரி இடித்துவிட்டது. வலது கால் முறிந்தது.

மறுநாளே லாரிக்காரர் தரப்பில் இரண்டு பேர் நம் கடைக்கு வந்தார்கள். "கேஸ் என்று போனால் வருஷக் கணக்கில் அலைய வேண்டும். நீங்களே பேசி முடித்துவிடுங்கள்" என்றார்கள். நாமும் நல்லது செய்வதாக நினைத்து நடுவில் நின்றோம். எட்டாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் நிலையத்துக்கு யாரும் போகவில்லை.

எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது. மூட்டை தூக்க முடியவில்லை, நெடுநேரம் நிற்க முடியவில்லை. வீட்டம்மா கல்லாவில் உட்கார்ந்தார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையன் பள்ளியை விட்டுவிட்டு மூட்டை சுமக்க வந்தான். அந்தப் பையன்தான் இன்று நம்மிடம் சரக்கெடுக்கும் வியாபாரி. தகப்பனார் காலமான பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டார்: "மொதலாளி, அன்னிக்கு கேஸு போட்டிருந்தா அப்பாவுக்கு என்னா கெடச்சிருக்கும்?"

நமக்குப் பதில் தெரியவில்லை. செங்கல்பட்டு நீதிமன்றத்தில் விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான், எட்டாயிரம் என்று பேசி முடித்த நம் வாய் எவ்வளவு பெரிய நஷ்டத்தை அந்தக் குடும்பத்துக்கு உண்டாக்கிற்று என்று புரிந்தது.

உயிர் முதலில்

நம் ஊர் வழியாகப் போகும் சாலையைப் பற்றி உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கு மாவட்டங்களுக்குப் போகும் சரக்கு எல்லாம் இந்த வழி. சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் போகும் கண்டெய்னர் வண்டிகளும் இந்த வழி. நாமோ இரு சக்கர வண்டியில் முன்னும் பின்னும் மூட்டை கட்டிக்கொண்டு இவற்றுக்கு நடுவே போகிறவர்கள்.

விபத்து நடந்தால் முதலில் 108-க்குப் பேச வேண்டும். பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தமிழக முதல்வர் 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி குறித்த மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1,50,000 வரை ரொக்கமின்றி சிகிச்சை பெறலாம்.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மைச் சாட்சியாக இழுப்பார்கள் என்ற பயமும் வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவ வந்தவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முதல் வாரத்துக் காகிதங்கள்

சரக்கு வந்து இறங்கினால் நாம் எடை பார்த்து, பில் பார்த்து, கிழிந்த மூட்டையைத் தனியே குறித்து வைக்கிறோம். அடிபட்டவர் விஷயத்திலும் அதே ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, லாரியின் பதிவு எண். முடிந்தால் வண்டி நின்ற நிலையில் கைப்பேசியில் ஒரு படம். எண் இருந்தால் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எதுவரை செல்லும் என்பதை அரசின் எம்பரிவாகன் செயலியிலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை. போலீஸ் நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கு அத்தாட்சி மட்டுமே. எப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாவது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். ஏ.ஆர். காப்பி என்பார்கள். சேர்க்கும்போது டாக்டரிடம் என்ன சொல்கிறோமோ அதுதான் அதில் ஏறும். பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, பிறகு "லாரி இடித்தது" என்று வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார். நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும்.

நான்காவது, மருந்துச் சீட்டு, ஸ்கேன், எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ், ஆட்டோ வாடகை வரை எல்லா ரசீதும் ஒரே பையில். பிறகு போலீஸார் தயாரிக்கும் பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் வாங்கிச் சேர்க்க வேண்டும்.

ஆறு மாதக் கெடு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோது, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கேட்டு மனுப் போட வேண்டும் என்று இருந்தது. 1994 திருத்தத்தில் அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். ஆகவே நம் வயதுக்காரர்கள் பலரும் "விபத்து கேஸை எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1997-ல் காலொடிந்த நம் நண்பருக்குக் கெடுவே இல்லை. பல ஆண்டு கழித்துக்கூட அவர் நீதிமன்றத்தை நாடியிருக்கலாம். அதுவும் நமக்குத் தெரியவில்லை.

இன்று நிலைமை வேறு. 2019 திருத்தத்தின் இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, 166-ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடு மறுபடியும் ஏறிவிட்டது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அதை நம்பி யாரும் காலம் கடத்த வேண்டாம். கட்டுப் பிரிக்கும் முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

போலீஸாரும் விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் நம் மனுவை நாமே போட்டுவிடுவதுதான் உத்தமம்.

லாரி ஆந்திராவிலிருந்து வந்ததா, ராஜஸ்தானிலிருந்து வந்ததா என்ற கவலையும் வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ, அடிபட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். நமக்குச் செங்கல்பட்டிலேயே முடியும்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இது வியாபாரிகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம். நீதிபதி மனம்போனபடி ஒரு தொகையைச் சொல்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தந்த தீர்ப்புகள் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளன. அடிபட்டவரின் மாத வருமானம், அதோடு எதிர்கால வளர்ச்சிக்காக ஒரு பங்கு, பிறகு வயதுக்கேற்ற பெருக்கும் எண். சொந்தத் தொழில் செய்பவருக்கு 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10 சதவீதம் கூட்டுகிறார்கள். பெருக்கும் எண் 25 வயது வரை 18. அது படிப்படியாகக் குறைந்து, 41 முதல் 45 வரை 14, 61 முதல் 65 வரை 7. நம் வயதுக்கு மதிப்பு அவ்வளவுதான்!

உதாரணமாக 42 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குக் கால் அடிபட்டு, சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் ரூ.15,000 என்று நிரூபித்துவிட்டார். 25 சதவீதம் கூட்டினால் ரூ.18,750. ஆண்டுக்கு ரூ.2,25,000. பதினான்கால் பெருக்கினால் ரூ.31,50,000. அதில் 40 சதவீதம் ரூ.12,60,000. இது வருமான இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, வலி வேதனை, கவனித்துக்கொள்ள ஆள் வைத்த செலவு ஆகியவை தனி.

அதே கடைக்காரரிடம் வருமானத்துக்குத் தக்க சான்று இல்லை, தீர்ப்பாயம் ரூ.8,000 என்று எடுத்துக்கொள்கிறது என்றால் வருமான இழப்பு ரூ.6,72,000 ஆகிவிடும். கால் ஒன்றே, வலியும் ஒன்றே. காகிதம் இல்லாத குறைக்கு ரூ.5,88,000 நஷ்டம்.

இன்னொன்று. டாக்டர் எழுதித்தரும் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் கால் மடங்காமல் போவதும், நாள் முழுக்க நின்று, ஏணி ஏறி, மூட்டை புரட்டும் மளிகைக்காரருக்குக் கால் மடங்காமல் போவதும் ஒன்றாகுமா? நம் தொழிலில் உடம்புக்கு என்ன வேலை என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும்.

துண்டுச் சீட்டின் விலை

வருமானச் சான்று இல்லாதவருக்கு நீதி கிடையாதா என்றால், உண்டு. கர்நாடகத்தைச் சேர்ந்த 24 வயது காய்கறி வியாபாரி ஒருவர் 2008-ல் விபத்தில் காலை இழந்தார். மாதம் ரூ.10,000 சம்பாதித்ததாகச் சொன்னார், காட்டக் காகிதம் இல்லை. தீர்ப்பாயம் ரூ.3,500 என்றே எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2014-ல், காய்கறி விற்பவரிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்ப்பது சரியல்ல என்று கூறி ரூ.6,500 ஆக்கியது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது, ஆறு ஆண்டு ஆயிற்று, அப்போதும் அவர் சொன்ன தொகை கிடைக்கவில்லை.

இங்கே மொத்த வியாபாரிகளான நம் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில்லறைக் கடைக்காரருக்கு நாம் எத்தனை முறை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்? "பில் வேண்டாம் மொதலாளி, தொகையை மட்டும் போடுங்க" என்று அவரும், தொல்லை விட்டது என்று நாமும் இருந்துவிட்டோம். வாரம் இவ்வளவு சரக்கெடுத்தார் என்பதற்கு அவர் பெயரில் பில் இருந்தால், அதுவே அவர் வருமானத்துக்குச் சாட்சி. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்ட அன்றே அவர் உழைப்புக்கான அத்தாட்சியும் போய்விட்டது.

ஆகவே சில்லறை வியாபாரிகள் தங்கள் பெயரில் கொள்முதல் பில், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, நகராட்சி அல்லது ஊராட்சி உரிமம், உத்யம் பதிவு, வங்கிக் கணக்குப் புத்தகம், கைப்பேசியில் வாங்கும் பணத்தின் வரவு ஆகியவற்றைப் பேண வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் இன்னும் பலம். விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தயாரிக்கும் காகிதத்துக்கு மதிப்பில்லை.

பேசி முடிப்பது

சமரசம் தவறு என்று நாம் சொல்லவில்லை. டீக்கடையில் முடிப்பதுதான் தவறு. இழப்பீடு கொடுக்க வேண்டிய கம்பெனி இருக்க, லாரிக்காரர் சட்டைப் பையிலிருந்து தருவதை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பது ஏமாளித்தனம். முறையான சமரசத்துக்கு லோக் அதாலத் இருக்கிறது. அங்கே முடிந்தால் விரைவாகப் பணம் வரும். ஆனால் அந்தத் தீர்வின் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே சிகிச்சை முடிந்து, ஊனம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே தொகைக்கு ஒப்ப வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கை. 164-ஆம் பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெறலாம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவில் போட்ட பெரிய வழக்கு அத்தோடு முடிந்துவிடும். மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

அடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிவிட்டால்? உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000-மும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். உத்தரவு மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரும். இதற்கும் எப்.ஐ.ஆர். இல்லாமல் முடியாது.

மருத்துவமனை வாசலிலேயே வந்து, "வரும் தொகையில் இவ்வளவு சதவீதம் போதும்" என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் ஆட்களிடம் ஜாக்கிரதை. வழக்கின் தொகையில் பங்கு பேசுவதை வழக்கறிஞர்களுக்கு இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

நம் வண்டி இடித்தால்?

நம்மிலும் வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. இன்சூரன்ஸ் ஒரு நாள் தவறிய வண்டி ஒருவரை அடித்தால், மேலே சொன்ன கணக்கு முழுவதும் நம் கல்லாவிலிருந்து போகும். ஓட்டுநர் உரிமம், தகுதிச் சான்று இரண்டையும் தேதி பார்த்து வைக்க வேண்டும். குட்டி யானை போன்ற 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது ஒரு நிம்மதி.

சரக்கோடு பயணம் செய்யும் சரக்குக்காரருக்கு 1994 திருத்தம் இன்சூரன்ஸ் பாதுகாப்புத் தந்தது. அதுவும் அவர் கேபினில் உட்கார்ந்திருந்தால்தான். மூட்டைகளின் மேல் ஏறி வருபவருக்கும், "வழியில் இறக்கிவிடுங்க" என்று தொற்றிக்கொண்டு வருபவருக்கும் கம்பெனி பொறுப்பல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் காய் மூட்டை மேல் படுத்துக்கொண்டு வரும் நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலை நேரத்தில் அடிபட்ட நம் ஆட்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு என்ற வேறு வழியும் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஓர் உறுப்பினர் அடிபட்டார் என்ற செய்தி வந்ததும், நாம் ஆப்பிள் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். இனிமேல் ஒருவர் மருத்துவமனைக்கும், ஒருவர் போலீஸ் நிலையத்துக்கும் போக வேண்டும். ஆறு மாதக் கெடு என்று முடிகிறது என்பதை அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்த வியாபாரிகள் அனைவரும் சிறு தொகையானாலும் வாங்குபவர் பெயரில் பில் போட வேண்டும். இதற்குச் சங்கத்துக்குத் தனி நிதி வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

வழக்கறிஞரிடம் கேட்டு வந்ததை எல்லாம் அந்த வியாபாரியிடம் ஒளிக்காமல் சொன்னோம். எட்டாயிரத்தைப் போல் பல மடங்கு கிடைத்திருக்கும் என்பதையும், பேசி முடித்தது நம் பிழை என்பதையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போனது போச்சு மொதலாளி. இனிமே என் பேருல பில்லு போட்டுக் குடுங்க" என்றார்.

அன்றிலிருந்து நம் கடையில் துண்டுச் சீட்டு கிடையாது.